திரையில் எட்டிப் பார்க்கும் ஆங்கிலம்

போனின் செட்டிங்ஸுக்குள் போய் மொழியைத் தமிழுக்கு மாற்றுகிறீர்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் திரை முழுக்கத் தமிழ். 'அமைப்புகள்', 'அழைப்புகள்', 'தேடு' என்று எல்லாம் மாறிவிட்டன. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், பத்து வரித் தமிழுக்கு நடுவே ஒரே ஒரு வரி மட்டும் ஆங்கிலத்திலேயே நிற்கிறது. கம்ப்யூட்டரிலும் இப்படித்தான். ஒரு மெனுவில் ஆறு சொற்கள் தமிழில் இருக்க, ஏழாவது மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும்.

இதைவிட விநோதமானது ஒன்று உண்டு. போன மாதம் தமிழில் இருந்த ஒரு வரி, செயலியை அப்டேட் செய்த மறுநாள் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். சில வலைத்தளங்களில் தமிழும் இல்லாமல், ஒழுங்கான ஆங்கிலமும் இல்லாமல், 'மெனு.ஃபைல்.சேவ்' என்பது போலப் புள்ளி வைத்து ஒட்டிய ஏதோ ஒன்று பொத்தானின் மேல் உட்கார்ந்திருக்கும்.

இதைப் பார்ப்பவர்கள் வழக்கமாக இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். தமிழில் அதற்குச் சொல் இல்லை என்பது ஒன்று. மொழிபெயர்த்தவர்கள் அரைகுறையாக விட்டுவிட்டார்கள் என்பது இன்னொன்று. முதலாவது அநேகமாக எப்போதுமே தவறு. இரண்டாவது சில சமயம் உண்மை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் எல்லா வரிகளையும் முடித்துக் கொடுத்த பிறகும் ஆங்கிலம் எட்டிப் பார்க்கலாம். அது ஏன் என்று புரிய வேண்டுமானால், திரையில் 'சேமி' என்ற சொல் தோன்றுவதற்கு முந்தைய நொடித்துளியில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நிரலுக்குள் தமிழ் இல்லை

ஒரு நிரலை எழுதுபவர் உலகின் எல்லா மொழிகளையும் அதற்குள்ளேயே எழுதிவைப்பதில்லை. அப்படி எழுதினால் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட நிரலைத் திறந்து கைவைக்க வேண்டியிருக்கும். தமிழ் வாக்கியங்கள் தனிக் கோப்பில் இருக்கும். இந்தி தனிக் கோப்பில், ஜப்பானியம் தனிக் கோப்பில். திரையில் எதையாவது காட்ட வேண்டிய இடத்தில் நிரல், "இதற்குரிய வாக்கியத்தைக் கொடு" என்று கேட்கும். அதைத் தேடிக் கொடுப்பது ஒரு நூலகத்தின் வேலை. இங்கே நூலகம் என்றால் பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்திக்கொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பு. புரோகிராமர்கள் லைப்ரரி என்றே சொல்வார்கள்.

கேட்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். அதைத் திறவுச்சொல் என்போம். திறவுச்சொல்லைக் கொடுத்தால் கிடைக்கும் வாக்கியம் அதன் மதிப்பு.

திறவுச்சொல்லாக எதை வைப்பது? பழைய யூனிக்ஸ் முறை ஒன்றில் எண்களை வைத்தார்கள். மூன்றாவது தொகுதியில் பன்னிரண்டாவது வாக்கியம் என்று கேட்க வேண்டும். நிரலைப் படிப்பவருக்கு அந்த இடத்தில் திரையில் என்ன வரும் என்றே தெரியாது. எண்களை ஒருவர் கணக்கு வைத்துக்கொண்டு காப்பாற்றவும் வேண்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் செயலாக்கிய கெட்டெக்ஸ்ட் முறை இதை மாற்றியது. 1995இல் உல்ரிச் டிரெப்பர் எழுதிய க்னூ கெட்டெக்ஸ்ட் வெளிவந்தபின் அது கட்டற்ற மென்பொருள் உலகம் முழுக்கப் பரவியது. லினக்ஸில் தமிழ் பார்த்தவர்கள் பெரும்பாலும் இந்த நூலகத்தின் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள்.

கெட்டெக்ஸ்டின் யோசனை எளிமையானது. தனியாகத் திறவுச்சொல் எதற்கு? ஆங்கில வாக்கியமே திறவுச்சொல்லாக இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளரின் கோப்பில் ஒவ்வொரு பதிவும் இரண்டு வரிதான். முதல் வரியில் 'சேவ்' என்ற ஆங்கிலச் சொல், அடுத்த வரியில் 'சேமி'. ஒரு பெரிய செயலியில் இப்படி ஆயிரக்கணக்கான ஜோடிகள் இருக்கும்.

'சேவ்' எங்கே இருக்கிறது?

ஆயிரம் ஜோடிகளில் ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம். கடைசியில் இருக்கும் சொல்லுக்கு ஆயிரம் ஒப்பீடுகள் ஆகும். அகரவரிசையில் அடுக்கிவைத்து, நடுவில் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்துப் பாதி பாதியாகக் குறைத்தால் பத்து ஒப்பீடுகளில் முடிந்துவிடும். கெட்டெக்ஸ்ட் தன் கோப்பை இப்படி வரிசைப்படுத்தியும் வைத்திருக்கிறது. ஆனால் இதையும்விட வேகமான வழி ஒன்று அதே கோப்பில் இருக்கிறது.

தபால் பிரிக்கும் இடத்தில் சுவரோடு சுவராகச் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். கடிதத்தின் மேல் இருக்கும் பின்கோடைப் பார்த்தாலே அது எந்த அறைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். மற்றக் கடிதங்களைப் புரட்ட வேண்டியதில்லை. நம் திறவுச்சொல்லின் மேல் பின்கோடு எழுதியிருக்கவில்லை. அதனால் சொல்லிலிருந்தே ஓர் எண்ணைக் கணக்கிட்டுக்கொள்கிறார்கள். இப்படிக் கிடைக்கும் எண்ணுக்கு ஹாஷ் என்று பெயர். தமிழில் சுருக்கெண் என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். கம்ப்யூட்டருக்கு எழுத்துகள் எல்லாமே எண்கள். 'சேவ்' என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளில் பெரிய எஸ் 83, சிறிய ஏ 97, வி 118, ஈ 101. கெட்டெக்ஸ்டின் விதி இது: கையில் உள்ள எண்ணை 16ஆல் பெருக்கி, அடுத்த எழுத்தின் எண்ணைக் கூட்டு, எழுத்து தீரும்வரை இதையே செய்.

83இல் தொடங்குகிறோம். 83ஐ 16ஆல் பெருக்கினால் 1,328. அதோடு 97 சேர்ந்தால் 1,425. மறுபடி 16ஆல் பெருக்கினால் 22,800. 118 சேர்ந்து 22,918. இன்னொரு முறை பெருக்கினால் 3,66,688. 101 சேர்ந்து 3,66,789. இதுதான் 'சேவ்' என்ற சொல்லின் சுருக்கெண். நீண்ட வாக்கியங்களுக்கு எண் அளவுமீறிப் போகும்போது மேல்முனையை நறுக்கிக் கீழ்ப்பகுதியோடு கலந்துவிடுவார்கள். நம் நான்கெழுத்துச் சொல்லுக்கு அந்தத் தேவை வரவில்லை. பெல் ஆய்வகத்தின் பீட்டர் வைன்பெர்கர் உருவாக்கிய முறை இது. யூனிக்ஸ் பழகியவர்கள் நன்கு அறிந்த 'ஆக்' மொழியின் பெயரில் ஓர் எழுத்து இவருடையது.

நம்மிடம் பதினோரு அறைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 0 முதல் 10 வரை எண்ணிட்டவை. 3,66,789ஐ 11ஆல் வகுத்தால் மீதி 5. ஆகவே 'சேவ்' ஐந்தாம் அறைக்குப் போகிறது. அங்கே 'சேமி' இருக்கும் இடத்தின் முகவரி குறித்துவைக்கப்படுகிறது. நாளை நிரல் அதே சொல்லோடு வந்து கேட்டால் அதே கணக்கு, அதே மீதி, நேராக ஐந்தாம் அறை. பதிவுகள் ஆயிரமானாலும் லட்சமானாலும் இந்தக் கணக்கின் நீளம் கூடாது.

ஒரு விஷயத்தை இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தைப் பெரிய எஸ்ஸுக்குப் பதிலாகச் சிறிய எஸ் ஆக்கினால் அதன் எண் 115. கணக்கு 4,97,861 என்று முடியும், மீதி 1. மனிதக் கண்ணுக்கு அதே சொல். நூலகத்துக்கு அது முன்பின் தெரியாத சொல்.

ஒரே அறைக்கு இரண்டு பேர்

மெனுவில் 'எடிட்', 'க்விட்' என்று இன்னும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'எடிட்'டின் சுருக்கெண் 3,10,020. 11ஆல் வகுத்தால் மீதி 7. 'க்விட்'டின் சுருக்கெண் 3,63,524. அதற்கும் மீதி 7. இரண்டும் ஏழாம் அறைக்கு வந்து நிற்கின்றன.

இது விபத்தல்ல, அறைகள் சில, வரக்கூடிய சொற்களோ எண்ணிறந்தவை என்பதால் எப்போதாவது நடந்தே தீரும். முதலில் வந்த 'எடிட்' ஏழாம் அறையை எடுத்துக்கொள்கிறது. பின்னால் வந்த 'க்விட்' எத்தனை அறை தள்ளிப் போக வேண்டும் என்பதையும் அதன் எண்ணே சொல்கிறது. இந்த முறை அறைகளின் எண்ணிக்கையைவிட இரண்டு குறைவான எண்ணால், அதாவது 9ஆல் வகுத்து, மீதியோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். 3,63,524ஐ 9ஆல் வகுத்தால் மீதி 5. ஒன்றைக் கூட்டினால் 6. ஏழாம் அறையிலிருந்து ஆறு அறைகள் தள்ளி எண்ணுங்கள். பத்து முடிந்ததும் சுற்றி வந்து பூஜ்யத்தில் தொடர்ந்தால் இரண்டாம் அறையில் நிற்பீர்கள். அது காலி. 'க்விட்' அங்கே குடியேறுகிறது.

பதினொன்று என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. அது பகா எண். அறைகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால், எத்தனை எத்தனையாகத் தாவினாலும் எல்லா அறைகளையும் ஒரு சுற்று பார்த்த பிறகுதான் தொடங்கிய இடத்துக்கு வருவோம். பன்னிரண்டு அறைகள் வைத்து ஆறாறாகத் தாவினால் இரண்டே அறைகளுக்கு இடையில் ஆடிக்கொண்டிருப்போம். அதனால் கெட்டெக்ஸ்ட், பதிவுகளின் எண்ணிக்கையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி, அதை ஒட்டி வரும் பகா எண்ணை அறைகளின் எண்ணிக்கையாக வைக்கிறது. கால்வாசி அறைகள் காலியாகக் கிடக்கும். அந்தக் காலியிடம்தான் வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை.

தேடும்போது இன்னொரு கட்டாயமும் உண்டு. ஏழாம் அறையைத் திறந்ததும் அங்கே இருப்பதை நம்பி எடுத்துக்கொடுத்துவிட முடியாது. 'க்விட்' கேட்டவருக்கு 'திருத்து' என்று காட்டிவிடுவோம். அறையில் உள்ள சொல்லையும் கேட்ட சொல்லையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஒரு முற்றுப்புள்ளியோ ஓர் இடைவெளியோ வேறாக இருந்தாலும் அது அவர் கேட்டதல்ல. அடுத்த அறைக்குப் போக வேண்டும். காலி அறை வந்துவிட்டால் அந்தச் சொல் கோப்பில் இல்லை என்று பொருள். இந்தக் கண்டிப்புதான் தேடலைப் பிழையில்லாமல் வைத்திருக்கிறது. தமிழ் வாக்கியங்கள் திரைக்கு வராமல் போவதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

எண் நடுவில் வரும் வாக்கியம்

'சேவ்' மாதிரி ஒற்றைச் சொல் என்றால் பிரச்சினையில்லை. கோப்புகளை நகலெடுக்கும்போது திரையில், '10 கோப்புகளில் 3 நகலாகிவிட்டன' என்று வருகிறது. இந்த எண்கள் ஒவ்வொரு முறையும் மாறும். பத்துக்கும் மூன்றுக்கும் ஒரு பதிவு, இருபதுக்கும் ஏழுக்கும் ஒரு பதிவு என்று கோப்பில் எழுதிவைக்க முடியாது. அதனால் எண் வரும் இடங்களைக் காலியாக விட்ட வாக்கியம்தான் திறவுச்சொல். முதலில் காலியிடங்களோடு தேட வேண்டும். தமிழ் வாக்கியம் கிடைத்த பிறகு எண்களை நிரப்ப வேண்டும்.

அனுபவம் குறைந்த புரோகிராமர் இந்த வரிசையை மாற்றிவிடுவார். முதலில் ஆங்கில வாக்கியத்தில் 3, 10 என்று நிரப்பிவிட்டு அதைக் கொண்டுபோய்த் தேடுவார். எண்கள் நிரம்பிய அந்த வாக்கியம் உலகத்தின் எந்த மொழிபெயர்ப்புக் கோப்பிலும் இருக்காது. மொழிபெயர்ப்பாளர் தன் வேலையைச் சரியாக முடித்திருப்பார். கோப்பில் தமிழ் இருக்கும். திரைக்கு மட்டும் வராது. திரையில் எண்ணோ ஆள்பெயரோ கலந்த வரி மட்டும் ஆங்கிலத்தில் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தில் 3 முதலில் வரும், 10 பின்னால் வரும். தமிழில் 10 முன்னே வந்தாக வேண்டும். காலியிடங்களை வந்த வரிசையிலேயே நிரப்பினால், '3 கோப்புகளில் 10 நகலாகிவிட்டன' என்று ஆகிவிடும். இதைத் தவிர்க்க மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு காலியிடத்துக்கும் எண் கொடுக்கலாம்: இங்கே இரண்டாவதைப் போடு, அங்கே முதலாவதைப் போடு என்று. வசதி இருக்கிறது, தெரியாதவர்கள் விட்டுவிடுகிறார்கள். இரண்டு காலியிடங்களும் எண்ணுக்கானவை என்பதால் இயந்திரச் சோதனையில் இந்தப் பிழை மாட்டாது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு மனிதர் திரையைப் பார்த்தால்தான் தெரியும்.

ஒருமை பன்மைக்கும் தனி ஏற்பாடு உண்டு. தமிழுக்கு இரண்டு வடிவம்: ஒன்று என்றால் 'கோப்பு', மற்ற எல்லாவற்றுக்கும் 'கோப்புகள்'. ஜப்பானியத்துக்கு ஒரே வடிவம் போதும். ரஷ்ய மொழிக்கு மூன்று, அரபிக்கு ஆறு. எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்ற விதியை ஒவ்வொரு மொழிக்கோப்பும் தன் தலைப்பகுதியிலேயே சொல்லிவிடுகிறது. நிரலை எழுதியவருக்கு அரபி இலக்கணம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த நூலகத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான்.

கிடைக்காவிட்டால்

காலி அறை வந்துவிட்டது, சொல் இல்லை. இப்போது நூலகம் என்ன செய்யும்?

முதலில் எந்தெந்தக் கோப்புகளில் தேடும் என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் தன் கம்ப்யூட்டரில் 'தமிழ், இலங்கை' என்று தேர்ந்திருக்கிறார். மதுரைக்காரர் 'தமிழ், இந்தியா' என்று வைத்திருக்கிறார். நூலகம் முதலில் நாட்டுப் பெயரோடு கூடிய கோப்பில் தேடும். அங்கே கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுவிட்டு வெறும் தமிழ்க் கோப்பில் தேடும். பெரும்பாலும் இந்த ஒரே பொதுக் கோப்புதான் இருக்கும். இருவரும் அதையே பகிர்ந்துகொள்கிறார்கள். க்னூ அமைப்புகளில் பயனர் ஒரு முன்னுரிமைப் பட்டியலே தரலாம். முதலில் தமிழ், இல்லாவிட்டால் மலையாளம், அதுவும் இல்லாவிட்டால் இந்தி என்று சொல்லிவைத்தால் நூலகம் அந்த வரிசையிலேயே தேடும்.

எங்கேயும் இல்லையென்றால், கெட்டெக்ஸ்ட் தன்னிடம் கொடுத்த திறவுச்சொல்லையே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. திறவுச்சொல்தான் ஆங்கில வாக்கியமாயிற்றே! திரையில் ஆங்கிலம் தோன்றுகிறது. நிரல் நிற்பதில்லை, பொத்தான் வெறுமையாக இருப்பதில்லை. பயனருக்கு ஏதோ ஒன்று படிக்கக் கிடைக்கிறது. தமிழுக்கு நடுவே நீங்கள் பார்த்த அந்த ஒற்றை ஆங்கில வரி இப்படி வந்ததாக இருக்கலாம்.

எல்லா நூலகங்களும் இப்படிச் செய்வதில்லை. ஜாவாவிலும் ஆண்ட்ராய்டிலும் திறவுச்சொல் என்பது வாக்கியமல்ல. தனியாக வைத்த ஒரு பெயர். ஆண்ட்ராய்டில் தமிழ்க் கோப்பில் பெயர் இல்லாவிட்டால் பொதுக் கோப்பில் இருப்பது வரும். அது பெரும்பாலும் ஆங்கிலம். ஜாவாவில் எந்தக் கோப்பிலுமே இல்லையென்றால் நூலகம் பிழை என்று அறிவித்துவிடும். புரோகிராமர் அதைச் சமாளித்தாக வேண்டும். வலைத்தளங்களுக்கான சில நூலகங்கள் இப்படித் தனிப் பெயர்களையும் வைத்துக்கொண்டு, கிடைக்காதபோது கெட்டெக்ஸ்ட் போலவே திறவுச்சொல்லைத் திருப்பிக் கொடுக்கின்றன. 'மெனு.ஃபைல்.சேவ்' அங்கிருந்துதான் வருகிறது.

எது நல்ல முறை? தனிப் பெயர் வைத்தால் ஆங்கில வாக்கியத்தை எத்தனை முறை திருத்தினாலும் தமிழ் அறுந்துபோகாது. ஆனால் மொழிபெயர்ப்பவர் கண்ணில் ஒரு பெயர் மட்டும் பட்டால் சூழல் புரியாது. வாக்கியமே திறவுச்சொல்லானால் அவருக்கு வேலை எளிது. ஒரே ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் 'திற' என்ற கட்டளையாகவும், இன்னோரிடத்தில் 'திறந்திருக்கிறது' என்ற நிலையாகவும் வந்தால், கெட்டெக்ஸ்டில் திறவுச்சொல்லுக்கு முன்னால் ஒரு சூழல் குறிப்பை ஒட்டிப் பிரித்துவிடலாம். மொழிபெயர்ப்பு பெரும்பாலும் தன்னார்வலர்களை நம்பியிருக்கும் தமிழ் போன்ற மொழிக்கு, அவர்களின் வேலையை எளிதாக்கும் முறைதான் நல்லது என்பது என் எண்ணம்.

அப்டேட்டில் தொலையும் வரிகள்

வாக்கியத்தையே திறவுச்சொல்லாக வைப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அப்டேட்டில் தெரியும். 'கோப்பு சேமிக்கப்பட்டது' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் இருக்கிறது. அடுத்த பதிப்பில் யாரோ அதன் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி சேர்க்கிறார்கள். பொருள் மாறவில்லை. ஆனால் சுருக்கெண் மாறிவிட்டது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் பொருந்தாது. பழைய தமிழ் வரி அனாதையாகிவிடுகிறது.

இதற்காகவே ஒரு துணைக்கருவி இருக்கிறது. புதிய ஆங்கில வாக்கியங்களையும் பழைய மொழிபெயர்ப்புக் கோப்பையும் அது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பவற்றைக் கண்டுபிடித்து, பழைய தமிழைப் புதிய வாக்கியத்தின் கீழே கொண்டுவந்து வைக்கும். கூடவே 'ஃபஸ்ஸி' என்று ஒரு குறியும் போடும். ஐயத்துக்குரியது, ஒரு மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள். குறி நீங்காத பதிவுகளை, கடைசியாகத் தயாராகும் கோப்பில் சேர்க்காமல் விட்டுவிடுவதே இயல்பான ஏற்பாடு. அதனால்தான் போன மாதத் தமிழ் இந்த மாதம் ஆங்கிலமாகிறது.

வெறும் ஒரு புள்ளிக்காகவா என்று கோபம் வரும். எனக்கும் வந்ததுண்டு. ஆனால் இன்னொரு மாற்றத்தை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'சேமிக்கப்பட்டது' என்பதற்கும் 'சேமிக்கப்படவில்லை' என்பதற்கும் மூன்றெழுத்துச் சொல் ஒன்றுதான் வித்தியாசம். இயந்திரத்தின் கண்ணில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியம். ஐயக் குறியைப் பொருட்படுத்தாமல் பழைய தமிழை அப்படியே காட்டினால், சேமிக்கப்படாத கோப்பைப் பார்த்து 'கோப்பு சேமிக்கப்பட்டது' என்று திரை சொல்லும். அதை நம்பி ஒரு மாணவி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போவாள். தவறான தமிழைவிட அங்கே ஆங்கிலம் நிற்பதே மேல்.

அந்தக் குறியை நீக்குபவர்கள் மனிதர்கள். க்னோம், கேடிஇ, லிப்ரெஆபிஸ் போன்ற திட்டங்களின் தமிழ்க் கோப்புகள் யாரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கின்றன. சாதாரண உரைத் திருத்தி ஒன்றில் திறந்தாலே படிக்கலாம். பெரும்பாலான கோப்புகளின் தலைப்பகுதியில் கடைசியாகத் திருத்திய தேதி இருக்கும். அதன் கீழே ஆங்கிலமும் தமிழும் ஜோடி ஜோடியாக. நடுநடுவே 'ஃபஸ்ஸி' என்ற குறியோடு காத்திருக்கும் வரிகளும், ஆங்கிலத்தின் கீழே ஒன்றுமே எழுதப்படாத வரிகளும் கண்ணில் படும். அடுத்த பதிப்பு வெளிவருவதற்குள் அவற்றை ஒருவர் சரிபார்த்துக் கொடுத்துவிட்டால், அவை திரையில் தமிழாகவே வரும்.